ரங்கூன்காரர் எடுத்துக் கொடுத்த தூண்டில்

கடையில் இருப்பதிலேயே நல்ல சாமானைக் கேட்டு வந்தவனிடம், அது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அதைத் திருப்பி ஆணியில் மாட்டிய சிப்பந்தியை என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அதையும் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்வார். ஊரில் அவருக்கு ரங்கூன்காரர் என்று பேர். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் அதை இங்கிலீஷ் எழுத்தில் படித்த நாளிலிருந்து அதை எழுத எனக்குக் கை வருவதில்லை.

யுத்த காலம் அது. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் பெரிய அதிகாரிக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். நம் ஊர்த் தூண்டில் இல்லை. துரைமார்கள் வைத்திருப்பார்களே, கைப்பிடிக்கு மேலே ரீல் பூட்டி, கம்பு நெடுக வளையங்களுக்குள் நூல் ஓடுகிற தினுசு, அது. ஞாயிற்றுக்கிழமை விரால் பிடிக்கக் கிளம்பினால் குமாஸ்தாக்களில் யாரையாவது கூட அழைத்துப் போவார். அப்படிப் போனவர்களுக்கு மேல் ஸ்தானம் சீக்கிரம் கிடைக்கிறது என்று ஆபீசில் ஒரு பேச்சு. எனக்கு மீனைத் தின்னத் தெரியும், பிடிக்கத் தெரியாது. அதனால் என்ன, கம்பு வாங்கிவிட்டால் தானே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இருபத்தாறு வயசில் மனுஷன் அப்படித்தான் நினைப்பான்.

கீழ ராஜ வீதியில் ஓர் இரும்புச் சாமான் கடை. ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் தட்டுமுட்டுகளை ஏலத்தில் எடுத்தபோது, நாற்காலி கடிகாரத்தோடு ஒரு கட்டுத் தூண்டில் கம்புகளும் ஒரு பெட்டி ரீல்களும் அந்த முதலாளியிடம் வந்து சேர்ந்தன. அவை எதற்கு என்றே அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ரங்கூன்காரர் ஒருவர்தான். ரங்கூனில் பெரிய கடையொன்றில் துப்பாக்கி, தூண்டில், பந்து மட்டை விற்கிற பகுதியில் பதினெட்டு வருஷம் நின்றவர். பர்மாவில் குண்டு விழுந்தபோது மலை தாண்டி நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். வயசு நாற்பத்தைந்து இருக்கும். ஒட்டிப்போன கன்னம், எப்போதும் கழுத்துப் பொத்தான் போட்ட சட்டை. எந்தச் சாமானைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு உள்ளங்கையையும் வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

நான் ஆசைப்பட்டது சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே மாட்டியிருந்த கம்பு. மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டி, பச்சைப் பட்டு நூல் சுற்றி, வெல்லப்பாகு நிறத்தில் மின்னியது. அதிகாரி வைத்திருந்ததும் அதே ஜாதிதான். அதைக் காட்டி விலை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். இதற்கு முன் மீன் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கம்பைச் சுவரிலேயே விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்குகிறவன் நான், கொடுக்கிற காசு என் காசு என்று சத்தம் போட்டேன். அவர் சத்தத்தை உயர்த்தவே இல்லை.

"ஒங்க காசுதான் தம்பி, யாரு இல்லைங்கிறா. ஒசந்த சாமானைக் கையில எடுத்துட்டா, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும்னு மனசு சாஞ்சுரும். கை தூங்கிப்போயிரும். ஆரம்பத்துக்கு இது போதும்."

அவர் 'இது' என்று சொன்னது மூலையில் சாத்தியிருந்த ஒரு கல்மூங்கில் கழி. பார்க்க மாடு ஓட்டுகிற கம்பு மாதிரி இருந்தது. ஆனால் அதை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஏழெட்டுக் கழிகளை ஒவ்வொன்றாக ஒற்றை விரலில் கிடத்திப் பார்த்தார். நுனியைத் தரையில் ஊன்றி வளைத்து, விட்டால் நடுங்காமல் நிமிர்கிறதா என்று பார்த்தார். என்னை விட ஒன்றரை முழம் உயரத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை ஒதுக்கினார். பழைய குடைக்கம்பியை வளைத்து வளையங்கள் செய்து, நூல் சுற்றிக் கட்டி அரக்குப் பூசினார். காய்ந்த பிறகு ஒரு துளிப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தார். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே நூலும் அறுந்துபோகும் என்று அந்த வளையத்தைப் பிரித்து வேறு கட்டினார். ரீலும் பெட்டிக்குள் அடியில் கிடந்த சின்னப் பித்தளை ரீல்தான். அதைச் சுழற்றி, காதோரம் வைத்துக் கேட்டு, எண்ணெய் விட்டு, மறுபடியும் கேட்டார். மொத்தமும் சேர்த்து அந்தப் பட்டுச்சுற்றுக் கம்பின் விலையில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை.

வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றால் விடவில்லை. கடைக்குப் பின்சந்தில் இருபது தப்படி தள்ளி ஓர் அண்டாவை வைத்து, நூல் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, அதற்குள் விழுகிற மாதிரி எறியச் சொன்னார். எறிந்தேன். குண்டு போய்விட்டது, ரீல் நிற்காமல் சுழன்று நூல் எல்லாம் சிக்குப் பிடித்துக் குவிந்தது. ரீலின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, குண்டு இறங்குகிற நேரம் பார்த்து அழுத்த வேண்டும். சொல்வதற்கு என்னமோ சுலபம். ஆறு நாள் சாயங்காலம் ஆபீஸ் சட்டையோடு அந்தச் சந்தில் நின்று எறிந்தேன். தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் அண்டாவில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள்தான் கம்பு என் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கடை முதலாளி அவரை வேலையில் வைத்திருந்ததே அதிசயம். ஒருமுறை பட்டாளத்துக்குச் சாலை போடுகிற காண்டிராக்டர் ஒருவர் தம் மாப்பிள்ளைக்கு இருப்பதில் உயர்ந்ததாக ஒரு கம்பு வேண்டும் என்று வந்தார். ரங்கூன்காரர் அந்தப் பட்டுச்சுற்றுக் கம்பை எடுத்துக் காட்டி, இதில் விரிசல் இருக்கிறது என்று பொய் சொன்னார். முதலாளி வாங்கிப் பார்த்தார். விரிசலாவது ஒன்றாவது. கடை வாசலிலேயே திட்டித் தீர்த்துவிட்டு, தாமே கம்பை விற்றார். போதாததற்கு அந்த மாப்பிள்ளை முதல் நாளே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்து காட்டினார். வீதியே வேடிக்கை பார்த்தது. ரங்கூன்காரர் மீனைத் தடவிப் பார்த்து, நல்ல மீன் என்று மனசாரச் சொன்னார். அவர்கள் போன பிறகு அன்று பூராவும் யாரோடும் பேசவில்லை. அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தவறாமல் அவர் எங்கள் ஆபீசுக்கு வருவார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் தங்கிய அகதி முகாம்களிலிருந்து பட்டியல்கள் வந்துகொண்டிருந்தன. நம் சமஸ்தானத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துப் பிரிப்பது என் வேலைகளில் ஒன்று. அவருக்கு ஒன்பது வயசில் ஒரு பெண். தாயில்லாப் பிள்ளை. வழியில் பிரிந்துபோயிற்று என்று மட்டும் சொல்லியிருந்தார். என் மேஜைக்கு எதிரே நின்று, நான் பட்டியலின் கடைசி வரிக்கு வரும்வரை என் விரலையே பார்ப்பார். இல்லை என்று தலையசைத்தால், "சரி, வாரேன் தம்பி" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். அதிகமாக ஒரு வார்த்தை இருக்காது. கிளம்பின பிறகு அவர் நின்ற இடத்தை நான் பார்க்கமாட்டேன்.

தூண்டில் விஷயம் மட்டும் அப்படி என்று நான் நினைத்தது தப்பு. பஸ் வந்தால் புது வண்டியை விட்டுவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் முக்கி முனகி வருகிற ஓட்டை வண்டியில் ஏறுவார். எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது திருச்சியிலிருந்து தொட்டிலுக்கு இரும்புச் சங்கிலி வாங்கி மாட்டியிருந்தேன். பார்க்க வந்தவர் குழந்தையைப் பார்க்கவில்லை, சங்கிலியைப் பார்த்தார்.

"சங்கிலிதான் கெட்டியா இருக்கேன்னு பிள்ளையை விட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போயிராதீங்கம்மா" என்றார் என் மனைவியிடம்.

பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இப்படிப் பேசலாமா என்று நான் அவர் போன பிறகு குதித்தேன். என் மனைவி குதிக்கவில்லை. ஏற்கெனவே ஒருதரம் கையை விட்டுவிட்ட ஆள் மாதிரி பேசுகிறாரே என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எதிலும் என்னை விட அரைநாள் முன்னதாக விளங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி என்னையும் வரச் சொன்னார். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கண்மாய். ஊர்க் கண்மாய்களில் கோடையில் தண்ணீர் வற்றி, கரையில் நின்று ஊர்ப் பெரியவர் துண்டை வீசிய பிறகுதான் யாரும் மீனுக்கு இறங்கலாம். இது சமஸ்தானத்துக் கண்மாய், அதிகாரிக்கு அனுமதி உண்டு. முதல் தடவை போகிற பயத்தில் ரங்கூன்காரரை வருந்தி அழைத்துப் போனேன். அவர் கம்பு எதுவும் கொண்டுவரவில்லை. அதிகாரி ஒரு கரையிலும் நாங்கள் எதிர்க்கரையிலுமாக நின்றோம்.

வெயில் ஏறும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் அல்லிக்கொடி ஓரத்தில், ஒரு கைப்பிடிக் குங்குமத்தைத் தூவின மாதிரி தண்ணீர் செவசெவவென்று கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து மூச்செடுத்துவிட்டு இறங்கின. அவற்றுக்கு அடியில் தாயோ தகப்பனோ கட்டாயம் காவல் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். கற்றுக்குட்டிக்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது என்று ஆபீசில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அதுக்குப் போடாதீங்க தம்பி" என்றார் அவர். "அது தீனிக்கு வர்ற மீனு இல்லை."

நான் போட்டேன். தவளை குத்தின முள் அந்தச் சிவப்புக்கு நடுவில் சரியாகப் போய் விழுந்தது; ஆறு நாள் அண்டாவில் எறிந்த கையல்லவா. தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தும் முறியவில்லை, நூல் ஒரு வளையத்திலும் சிக்கவில்லை. நாலு சேர் எடையுள்ள விராலைக் கரையில் இழுத்துப் போட்டேன். எதிர்க்கரையில் அதிகாரி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதைத் திருப்பி விட்டுவிடுங்கள் என்று ரங்கூன்காரர் கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார். அதிகாரி பார்த்துவிட்ட மீனை எப்படி விடுவது? முடியாது என்றேன். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். குஞ்சுகள் அதே இடத்தில் மேலே வந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வெகுநேரமாகியும் அந்த இடத்தைவிட்டு அவை போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார்.

மலையிலிருந்து இறங்கி, கடலோர ஓடைத்துறை ஒன்றுக்கு அவர்கள் கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு நீராவி லாஞ்ச் நின்றது. மேலே கூரை, உடுப்புப் போட்ட ஆட்கள், நேரே வங்காளக் கரையிலிருக்கிற சிட்டகாங் போகிறது. அதில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மட்டும் இடம் இருந்தது. விலை, செத்துப்போன மனைவியின் சங்கிலி. மற்றவர்களுக்குச் சம்பான் என்கிற நாட்டுப்படகுதான். ஒழுகுகிற படகு, கரையோரமாகவே தள்ளித் தள்ளிப் போவது. உங்களோடு சம்பானிலேயே வருகிறேன் என்று பெண் சொல்லியிருக்கிறாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நான்தான் பிரிச்சு விட்டேன் தம்பி. வெலை ஒசந்தது, பத்திரமாப் போயிரும்னு. பதினெட்டு வருஷம் வர்றவன்கிட்டயெல்லாம் அதைச் சொல்லித்தான் வித்தேன். அன்னைக்கு நானே வாங்கிட்டேன்."

லாஞ்சில் யாரோ ஒரு தெலுங்கு அம்மாள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். சம்பான் பதினோரு நாள் கழித்துக் கரை சேர்ந்தது. வழியிலேயே, லாஞ்ச் ஒன்று குண்டுபட்டு மூழ்கிவிட்டது என்று பேச்சு. எந்த லாஞ்ச் என்று சொல்ல ஆளில்லை. சிட்டகாங்கில் முகாமில் ஒன்பது நாள் இருந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். பத்தாம் நாள் அதிகாரிகள் பிடித்து ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒழுகுகிற படகில் வந்தவன் பிழைத்தேன், கூரை போட்டதில் போனவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை என்றார். அழவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மனசு கலங்கத்தான் செய்தது. ஆனாலும் மீனை அதிகாரி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த மாதமே எனக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று வெட்கப்படவில்லை.

அந்த ஜன்னலோர மேஜையில்தான் அந்தக் காகிதம் வந்து விழுந்தது. ஐப்பசி மாசம், வெளியே மழை. சிட்டகாங் பக்கத்து முகாம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் பட்டியல். கட்டம் கட்டமாக இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. பேர், வயசு, தகப்பன் பேர், சொந்த ஊர், சேர்ந்த தேதி, இறந்த தேதி, குறிப்பு. அந்தப் பெண்ணின் பேர் இருந்தது. தகப்பன் பேர்க் கட்டத்தில் அவர் பேரும் இருந்தது. ஊரின் பேரை மட்டும் எழுத்து மாற்றி அடித்திருந்தார்கள்.

தேதிகளை மறுபடி மறுபடி படித்தேன். லாஞ்ச் மூழ்கவில்லை. அவள் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறாள். முகாமில் இருபத்திரண்டு நாள் இருந்து, பேதி கண்டு இறந்திருக்கிறாள். அவர் சிட்டகாங்கில் இருந்த ஒன்பது நாளையும் எனக்குத் தேதியோடு சொல்லியிருந்தார். அந்த ஒன்பதும் இந்த இருபத்திரண்டுக்குள்ளேயே அடங்கின. அந்த முகாம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது என்று தேசப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

லாஞ்சில் ஏற்றிவிட்டோமே என்ற பாரத்தோடுதான் அந்த மனுஷர் இத்தனை நாள் நடமாடினார். லாஞ்ச் கரை சேர்ந்தது என்று சொன்னால் அந்தப் பாரம் இறங்கிவிடாது, வேறு இடத்தில் போய் உட்காரும். அவள் உயிரோடு காத்திருந்தபோது இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் நின்றோம் என்பதை எந்தத் தகப்பன் தாங்குவான்? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான், வேறொன்றுமில்லை. காகிதத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஏழு திங்கட்கிழமை அவர் வந்து நின்றார். ஏழு தடவையும் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல், கல்கத்தாப் பக்கத்து முகாம்கள் சிலவற்றிலிருந்து பட்டியலே வந்து சேரவில்லையாம் என்று நாக்கு கூசாமல் ஒன்றைச் சேர்த்துவைத்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை. அவர் யோசித்துவிட்டார். பட்டியல் வராவிட்டால் தாமே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, கடை வேலையை விட்டுவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிற்றாடை. துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடான நாளில் எங்கே தேடிப் பிடித்தாரோ. இப்போது பத்து வயசு முடிந்திருக்கும், வளர்ந்திருப்பாள், இந்த உயரம் போதுமா என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்து, போதும் அண்ணே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் போன பிறகு என் எதிரே வந்து நின்றாள். காகிதத்தைப் பற்றி அவளிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"நாளைக்கு ரயிலுக்கு முன்னால நீங்க சொல்றீங்க. இல்லைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லுவேன்" என்றாள்.

மறுநாள் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பகல் வண்டி. பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடியில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப வந்தேன் என்று நினைத்து எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஏழு வாரமாக என்னிடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப லாஞ்சு கரை சேந்துருச்சா" என்றார்.

ஆமாம் என்றேன். தேதி கேட்டார். படித்துக் காட்டினேன். விரலை மடித்து எண்ண ஆரம்பித்து, ஒன்பதாவதில் நிறுத்தி, கையை அப்படியே மூடிக்கொண்டார். முகாம் எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன். கடைசியில் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். அது எழுதவில்லை என்றேன். கைகாட்டி இறங்கியது, தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

"என்னையப் பத்தி என்ன சொல்லியிருக்கா? அப்பன் செத்துட்டான்னு எழுதியிருக்கா?"

அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்லக் கூடாது என்று வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன். ஆனால் ஏழு பொய் சொன்ன வாய்க்கு எட்டாவது வரவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"தகப்பனார் பின்னால் வருகிறார்னு இருக்குங்கண்ணே."

சேர்ந்த அன்று கேட்ட குமாஸ்தாவிடம் அவள் சொன்னது அது. அவன் எழுதிக்கொண்டான். அவள் இறந்த தேதியை அடித்தபோதும் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. அவர் காகிதத்தை வாங்கி, அந்த வரி எது என்று கேட்டார். காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனாலும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார்.

ரயில் வந்து நின்றது. வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் என்று அவருடைய பையை எடுத்தேன். என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சொல்லி வச்சிருக்கா தம்பி. போயித்தானே ஆகணும்."

ஏறி உட்கார்ந்தார். வண்டி திருச்சிப் பக்கம் நகர்ந்தது. அவர் திரும்பி வரவில்லை.